லிட்டர் அக்காவும் சப்பான் கஞ்சியும்

கள்ளக்குறிச்சியைச் சுற்றிக் கறக்கிற பாலில் கொஞ்சம் தயிராகிறது, கொஞ்சம் நெய்யாகிறது, கொஞ்சம் குழந்தைகளுக்குப் போகிறது. மீதி அத்தனையும் ஒரு காலத்தில் ஒரே ஆளுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆள் எங்கள் லிட்டர் அக்கா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்த பெண்கள் விடுதியில் நான் தங்கிப் படித்தேன். அங்கே வார்டன், மேனேஜர், சமையல், காவல், கோர்ட்டு எல்லாமே அக்காதான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கீழே நின்று, "லிட்டரக்கா... சிலிண்டரு!" என்று கத்துவார். "லிட்டரு மேலதான் கீது, ஏத்திக்கினு வா!" என்று மாடியிலிருந்து பதில் போகும்.

பேருக்குக் காரணம் ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் கூஜா. நாங்கள் டம்ளரில் குடிப்பதை அக்கா அதில் குடிப்பார். காய்ச்சல் வந்தால் டீ. காய்ச்சல் விட்டால் டீ. டீ குடித்ததில் தூக்கம் போய்விட்டால், தூக்கம் வருவதற்கு ஒரு டீ. ஒருமுறை சேலத்தில் தங்கை மகள் கல்யாணம். சின்னசேலம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, சீர்த்தட்டையும் பையையும் சீட்டில் வைத்துவிட்டு, ஒரே ஒரு டீக்காகக் கீழே இறங்கினார். சீர்த்தட்டும் பையும் சேலம் போய்க் கல்யாணத்தில் கலந்துகொண்டன. அக்கா பஸ் பிடித்து விடுதிக்குத் திரும்பிவந்தார்.

"இன்னாக்கா, வண்டிய வுட்டுட்டீங்களா?"

"சேலம் எங்கடி ஓடிடப் போவுது? டீ ஆறிடும்ல?"

என் ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். கல்லூரியையும் பார்த்தேன். இதை அடக்கமாகச் சொல்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விடுதியில் சேர்ந்த முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"எங்க வூட்ல நாந்தான் மொதல்ல படிச்சவ."

அக்கா கூஜாவிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். தட்டு கழுவற எடத்துக்கும் மொதல்ல வந்துடு. லேட்டா வந்தா தண்ணி நின்னுபூடும்."

அரசு வேலைக்கான குரூப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்பாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. இந்த ஒரு பரீட்சை. கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் கச்சிராயபாளையத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிராக்டர் அருமையாக ஓட்டுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குத்தான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துகொள்ள மனசில்லை.

பரீட்சை எழுதி முடித்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். நெற்றி நிறைய மஞ்சள். நேராகச் சமையலறைக்குப் போய்க் கூஜாவைக் கழுவித் துடைத்துப் பரணில் கவிழ்த்து வைத்தார். விடுதியே எழுந்து நின்றது.

"இன்னிலருந்து டீ கெடையாது."

"எங்களுக்காக்கா?"

"எனக்குடி. அம்மங்கிட்ட வேண்டிக்கினு வந்துட்டன். இவளுக்கு வேல கெடைக்கற வரிக்கும் டீயத் தொடமாட்டன்."

அவர் கை நீட்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் கேட்டனாக்கா?"

"நீ இன்னாத்துக்குக் கேக்கற? மத்தவளுங்களுக்கு வேண்டிக்க வூட்ல ஆள் இருக்குது. உங்கப்பா அம்மாவுக்கு நீ எழுதன பரிட்ச பேரு தெரியுமா?"

தெரியாது. இருவருக்கும் அது 'பெரிய பரிட்சை', அவ்வளவுதான்.

"பேரு தெரியாம வேண்டிக்கினா அம்மனுக்கு இன்னான்னு புரியும்? அதுபாட்டுக்கு எதனா ஒரு பரிட்சையில பாஸ் போட்டு வுட்டுடும். நீ டைப்படிக்கப் போயிடுவ. நான் எல்லாத்தையும் வெவரமா சொல்லிட்டு வந்துருக்கறன். பரிட்ச பேரு, உம்பேரு, ஊரு, ஹால் டிக்கெட்டு நம்பரு. நம்பர மட்டும் நிறுத்தி நிதானமா சொன்னன், சாமி குறிச்சிக்கட்டும்னு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடாகிவிட்டது. பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "நான் பாஸானா என் படிப்பால பாஸாவேன். உங்க டீயால இல்ல."

"ஆரு இல்லன்னா?"

"அப்ப கூஜாவ எறக்கி டீயக் குடிங்க."

"சாமிகிட்ட சொன்னத மாத்தறதுக்கு அம்மன் இன்னா மாமியாரா? போடி."

அதற்குப் பிறகு விடுதி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு விடிந்ததும் தலைவலி. தலைவலியோடு சமைத்த சாம்பாரில் உப்பு ஒரு நாள் இரட்டை, மறுநாள் சுத்தமாக இல்லை. கேட்டால், "நேத்து போட்டதுல பாதிய இன்னிக்கு நெனச்சிக்கோ" என்பார். குழாயில் தண்ணீர் ஜாஸ்தி வந்தாலும் திட்டு, கம்மியாக வந்தாலும் திட்டு. நாங்கள் டீ குடிக்கும்போது எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "குடி. நான் பாக்கறன்." ஒரு வாய் குடித்ததும், "எப்படி இருக்குது? இஞ்சி தெரியுதா? நாக்குக்கு அடியில போவுதா, மேலாப்புல போவுதா?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் எழுந்து போக முடியாது. பாதிப் பேர் பயந்துபோய் டீயை விட்டுவிட்டார்கள். ஒருநாள் எதிர்ச் சாரி டீக்கடைக்காரரே மாடி ஏறிவந்து, "யாரனா செத்துட்டாங்களாம்மா? உங்கக்கா எங்கடை பக்கமே வர்றதில்லயே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இந்த நிலைமையில்தான் செல்வி மலையிலிருந்து இறங்கிவந்தாள்.

செல்வி என் அறைத்தோழி. நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தாண்டை அவள் ஊர். லீவுக்குப் போனால் தேனும் சாமையும் கொண்டுவருவாள். இந்த முறை கூடவே ஒரு வெள்ளித்தாள் பை. ஒரகடத்தில் ஜப்பான்காரர்கள் நடத்துகிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற அவள் அண்ணன், மேனேஜர் கொடுத்ததென்று வீட்டுக்குக் கொண்டுவந்தது. பை முழுக்க ஜப்பான் எழுத்து. பிரித்துப் பார்த்தால் பழுப்பாகக் காய்ந்த இலையும் குச்சியும்.

"எங்கூட்டு வாசலக் கூட்டனா இதாண்டி வரும்" என்றாள் செல்வி.

அண்ணனுக்குப் போன் போட்டோம். அவன் விவரம் சொன்னான். அதற்குப் பேர் ஹோஜிச்சா. பச்சை டீ இலையை வறுத்தது. வெந்நீரில் போட்டும் குடிக்கலாம். ஆனால் மேனேஜர் வீட்டில் அதைப் பாலில் ஊறவைத்து வடிகட்டி, சாக்லேட் கரைத்துச் சூடாகக் குடிக்கிறார்கள். "நம்ம மலக் குளுருக்கு அப்படி இருக்கும்" என்றான்.

எனக்கு உடனே யோசனை பிறந்தது. ரிசல்ட் வருவதற்குள் அக்கா இதைக் குடித்து வேண்டுதலைக் கலைத்துவிட வேண்டும். பிறகு நான் பாஸாவேன். அப்போது என் ரிசல்ட்டில் ஒரு சொட்டு டீயும் ஒட்டியிருக்காது. நான் தைரியமாகப் பாஸாகலாம்.

முதல் தடவை நாங்கள் செய்ததை யாரும் செய்ய வேண்டாம். இனிப்புக்கு எது வேண்டுமானாலும் போடலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கரும்பு வெட்டுகிற வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா? அம்மா கொடுத்தனுப்பிய புது வெல்லத்தை உடைத்துக் கொதிக்கிற பாலில் போட்டேன். கண் எதிரே பால் திரிந்து தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்தது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "ஜப்பான்காரன் பன்னீரு திம்பானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தோம். பால் ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்து, இரண்டு கரண்டி இலையைப் போட்டு மூடிவைத்தோம். கொஞ்ச நேரத்தில் பால் சந்தனக்கட்டை நிறத்துக்கு வந்தது. வடிகட்டினோம். பக்கத்து அறைப் பெண்ணின் பெட்டிக்குள் பிறந்தநாளுக்கு வந்த சாக்லேட் ஒன்று துணிக்கு அடியில் ஒளிந்திருந்தது. பொதுக் காரியத்துக்காக அதை அவளிடமிருந்து பிடுங்கி வந்தோம். அதை உடைத்துக் கொஞ்சம் சூடான பால் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, மீதிப் பாலையும் ஊற்றி, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மோர் கடைகிற மத்தால் கடைந்தோம். நுரை பொங்கியது. வாசனை மாடியை விட்டு இறங்கி உரக்கடை வரைக்கும் போனது. வேர்க்கடலை வறுக்கிற வீட்டுக்குள் யாரோ சாக்லேட்டைப் பிரித்த மாதிரி ஒரு வாசனை.

அக்கா வந்தார். மூக்கு முதலில் வந்தது.

"இன்னாடி இது?"

"ஜப்பான் டீ போட்ட சாக்லேட் பால்க்கா. குடிங்க" என்றேன்.

"டீயா?"

"டீதான். குடிங்க, ஒண்ணும் ஆவாது."

அக்கா டம்ளரை வாங்கி முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். செல்விப் பக்கம் திரும்பினார். "உங்கண்ணன் இன்னான்னு சொன்னான்?"

"பச்ச டீயாம்க்கா. வறுத்ததாம்."

"பச்சன்ற, இதுல பச்சையே இல்ல. வறுத்ததுன்ற, கடல வாசன வருது. பாலு வெள்ள, சாக்லேட்டு கறுப்பு. இதுல டீ எங்கடி இருக்குது?"

"உள்ளதாங்க்கா இருக்குது" என்றாள் அந்த அப்பாவி.

"உன்ன ஆரு கேட்டா?" அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார். "அம்மன் ஒத்துக்குமா? நம்ம ஊரு அம்மனுக்கு ஜப்பான் டீயெல்லாம் தெரியுமா?"

"தெரியலன்னா குடிக்கலாம்ல?"

"தெரிஞ்சிருந்துச்சின்னா?"

கடைசியில் செல்விதான் வழி சொன்னாள். "எங்க மலையில எதுன்னாலும் பூ கேப்பாங்கக்கா. நெலம் வாங்கறது, பொண்ணு கட்டறது, எல்லாத்துக்கும்."

பூ கேட்பதென்றால் பெரிய சடங்கில்லை. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் கூடாது. சமவெளியிலும் உண்டு.

மறுநாள் காலையில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா விளக்கினார். பூசாரி அக்காவையும் அம்மனையும் மாறிமாறிப் பார்த்தார். "ஜமீன் வழக்கெல்லாம் இந்தப் பூவுல தீத்துருக்கறோம். சரி, இதையும் பாப்பம்" என்று மடித்துப் போட்டார். செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"அவ மனசுக்குள்ள வேற எதனா நெனச்சிருப்பா. இன்னொரு தபா" என்றார் அக்கா.

"நெனைக்கலக்கா."

"நெனச்சிருப்ப. எடு."

மறுபடியும் சிவப்பு.

பூசாரி தட்டை எடுக்கப் போனார். அக்கா தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, மூணாவதா வர்றதுதான் கணக்கு."

"மூணுல ரெண்டு செவப்பு வந்துட்டுதும்மா. இன்னா, அம்மங்கூட கபடியா ஆடிக்கினு இருக்கற?"

"மொத ரெண்டுலயும் அம்மன் யோசிச்சிக்கினு இருந்துச்சி. இப்பதான் முடிவு சொல்லப் போவுது. போடுங்க."

வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததால் பூசாரி போட்டார். வெள்ளை வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்ட வேகத்தில் கோயில் புறா பறந்துபோனது.

விடுதிக்கு வந்ததும் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, முதல் வாயை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கினார். "அடியேய்..." என்றார். அந்த ஒரு சொல்லில் அந்தக் குடல் அத்தனை நாள் பட்ட துக்கம் எங்களுக்குக் கேட்டது. பரணிலிருந்து கூஜா இறங்கியது. 'சப்பான் கஞ்சி' என்று அதற்கு அக்காவே பேர் வைத்தார். சாம்பாரில் உப்பு சரியானது. தண்ணீர் கம்மியாக வந்தால்கூட, "வரட்டும் வரட்டும், அதுக்கு இன்னா அவசரம்" என்றார்.

கூஜா கணக்கில் குடித்தால் எந்தப் பை தாங்கும்? இலை தீர்ந்தது. அக்கா அசரவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், உடம்பு இளைக்கக் குடிக்கிற பச்சை டீயை வாங்கிவந்தார். அட்டையில் தமிழிலேயே கொட்டை எழுத்தில் டீ என்று போட்டிருந்தது. நான் காட்டினேன். "அம்மன் வறுத்த எலைக்கு அனுமதி குடுத்துருக்குது. வறுத்துட்டா செல்லும்" என்றார் அக்கா.

வறுக்கிறது எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேர்க்கடலையை மணல் போட்டுத்தான் வறுப்போம். அப்போதுதான் கருகாமல் ஒரே சீராகப் பதம் வரும். அக்காவும் அப்படியே இரும்புச் சட்டியில் ஆற்றுமணலைக் காயவைத்து, அதில் டீ இலையைக் கொட்டி, அகப்பையால் கிண்டினார். பதம் அபாரமாக வந்தது. வாசனையும் வந்தது. பிறகு சல்லடையை எடுத்தார். கடலையைச் சலித்தால் மணல் கீழே போகும், கடலை மேலே நிற்கும். டீ இலையைச் சலித்தால் இரண்டும் சேர்ந்து கீழே போகும் என்பது அந்த நிமிஷம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கஞ்சியை மூன்று முறை வடிகட்டியும் பல்லில் நறநறவென்றது. அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. "ஜப்பான்ல மட்டும் மண்ணு இல்லாமலா இருக்கும்?" என்றார்.

மறுமுறை மணலில்லாமல், சின்னத் தீயில், கை விடாமல் கிண்டி வறுத்தோம். அது நிஜமாகவே நன்றாக வந்தது. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் அப்படியே செய்யுங்கள். ஜன்னலை மட்டும் திறந்துவையுங்கள். நாங்கள் திறக்காததால் புகை கீழே இறங்கி, உரக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு மாடி ஏறிவந்தார்.

ரிசல்ட் வந்தது.

போனில் பார்த்தேன். என் நம்பர் இல்லை. கீழேயிருந்து மேலே பார்த்தேன். அப்படியும் இல்லை. கணக்கில் கோட்டை விட்டிருந்தேன். பரீட்சை அறையிலேயே எனக்கு அது தெரியும், ஒத்துக்கொள்ளாமல் இருந்தேன். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள்.

அக்கா கையில் கூஜா இருந்தது. நிறைய இருந்தது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"மொதப் பூவே செவப்பு வந்துச்சி" என்றார். "நாந்தான் கேக்கல."

"அக்கா, நான் கணக்குல ஒழுங்கா எழுதல. அதுக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்ல."

"ரெண்டாவதும் செவப்பு."

"அக்கா!"

"எங்கிட்ட பேசாதடி. ஒரு வாய அடக்கத் தெரியல எனக்கு. ஒரு பொண்ணு வாழ்க்கைய எடுத்துக் குடிச்சிட்டன்." அக்கா எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. என் தோல்வியை வேறொரு ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அப்பா வந்தார். துவைத்த வெள்ளைச் சட்டை. ஆண்கள் உள்ளே வரக் கூடாதென்பதால் முன்னறை நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் பெட்டியைப் பார்த்தார். "பேசனது பேசனதுதானம்மா? கெளம்பு. கச்சிராயபாளையத்துல கேட்டுக்கினே இருக்கறாங்க."

பேச்சென்றால் பேச்சுதான். நான் பெட்டியைத் தூக்கினேன். சமையலறைக் கதவு திறந்தது. அக்கா முன்னறைக்கு வந்து அப்பா எதிரே நின்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். உங்க பொண்ணு ஃபெயிலாவல. நான் ஆக்கிட்டன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. அக்கா ஆதியோடந்தமாகச் சொன்னார். வேண்டுதல், அம்மன், ஹால் டிக்கெட் நம்பர், டீ, ஜப்பான் எல்லாம். கேட்கக் கேட்க அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். நான் நான்கு வருஷமாகப் பரீட்சை, கட் ஆஃப், இட ஒதுக்கீடு என்று அவருக்கு விளக்கியபோதெல்லாம் இல்லாத வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக என் படிப்புச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் அவருக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

"வேண்டிக்கினு நடுவுல குடிச்சிட்டீங்களா?"

"பூ கேட்டுட்டுத்தான் குடிச்சன்."

"பூ இன்னா வந்துச்சி?"

"மூணாவது தபா வெள்ள."

"மொத ரெண்டு தபா?"

அக்கா தரையைப் பார்த்தார். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீங்க? பெரிய மனுஷி. ரெண்டு தபா செவப்பு வந்தப்பறமா?"

"அப்பா, அதெல்லாம் இல்லப்பா, நான் கணக்குல..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அப்பா யோசித்தார். "அப்ப இதுல இவ தப்பு ஒண்ணுமில்ல?"

"ஒரு துளி இல்லண்ணே."

"வேண்டுதலும் முடியாம பாதியில நிக்குது."

"நிக்குது. மொதல்லருந்து கட்டுப்பாடா இருந்து முடிக்கணும்."

"பாதியில நிக்கறப்ப கல்யாணம் வெச்சா வெளங்குமா?"

"எப்படிண்ணே வெளங்கும்?"

"மாப்ள வூட்டுக்கு இன்னான்னு சொல்றது?"

"வேண்டுதல்ல இருக்குதுன்னு சொல்லுங்க. ஒருத்தரும் மறுபேச்சு பேசமாட்டாங்க."

என் தோல்விக்கு நானே காரணம் என்று நிரூபிக்க என்னிடம் மதிப்பெண் இருந்தது. போனைத் திறந்தால் காட்டிவிடலாம். காட்டினால் டிராக்டர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி வாயை மூடிக்கொண்டு பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அப்பா எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "அப்படி இன்னாத்தத்தாம்மா குடிச்சீங்க?"

செல்வி ஓடிப்போய் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா நின்றபடியே குடித்தார். பாதியில் உட்கார்ந்தார். மிச்சத்தை நிதானமாகக் குடித்து முடித்து, மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்து, டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"உங்களச் சொல்லிக் குத்தமில்லம்மா" என்றார். "இதுக்கு ஆரா இருந்தாலும் மூணாவது பூ கேட்டுத்தான் இருப்பாங்க."

அவர் பஸ் ஏறியதும் நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். நியாயம் நியாயம்தானே. பாஸானால் எனக்கு, ஃபெயிலானால் உங்களுக்கு என்றால் எப்படி? இரண்டும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பாஸானா உன்னுது. ஃபெயிலானா மட்டும் என்னுது. இதுல உனக்கு இன்னாடி நஷ்டம்?"

அன்றிலிருந்து டீயும் இல்லை, கஞ்சியும் இல்லை. கூஜாவில் பச்சைத் தண்ணீர். இந்த முறை அக்கா எதையும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் டீ குடிக்கும்போது மொட்டைமாடிக்குப் போய்த் துணி மடிப்பார். தலைவலி வந்தால் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து உட்காருவார். "கணக்கா போடற? போடு. சத்தமா போடு, கேக்கறன்." ஒன்றும் புரியாது அவருக்கு. நான் ஒரு கணக்கை முடித்து விடை சொன்னால், சரியா தப்பா என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எனக்கும் வேறு வழியில்லை. ஒரு ஆள் தலையில் ஈரத்துண்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோக முடியவில்லை.

அடுத்த பரீட்சையின் ரிசல்ட் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். பார்த்ததும் அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

"நம்பரு வந்துட்டுதுக்கா."

பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது. பேசாத. பால் பொங்கற நேரம்."

பால் பொங்கியது. வடிகட்டியது கேட்டது. பிறகு அக்கா குடிக்க ஆரம்பித்தார். உறிஞ்சுகிற சத்தம் ஒவ்வொன்றும் மணலூர்பேட்டை வரைக்கும் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் மூக்கையும் உறிஞ்சிக்கொண்டார். கரும்புக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு அந்த ஒரு லிட்டர் முடிகிறவரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கணக்குல எவ்ளோ?" என்றார் கடைசியில்.

சொன்னேன்.

"நல்லாத்தான் படிச்சிருக்கற" என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. எப்படி வந்தாய் என்று யார் கேட்டாலும், என் படிப்பால் வந்தேன் என்றுதான் சொல்கிறேன். அது உண்மை. அக்கா கேட்டால் மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் இதுவரை கேட்டதில்லை.